பதினான்கு நாள் என்பது எத்தனை நாள்?

தொழிற்தகராறுகளில் சமரசம் பேசும் அலுவலர்களுக்கும், அவர்கள் அனுப்பும் கோப்புகளில் கையெழுத்திடும் தொழிலாளர் துறை உயர் அதிகாரிகளுக்கும்,

நாங்கள் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்த பதின்மூன்றாம் நாள், மாலை ஐந்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. மறுநாள் நான்கு மணிக்குச் சமரசப் பேச்சுவார்த்தை. அதுவரை பன்னிரண்டு நாள் ஒரு போன்கூட வரவில்லை. சரி, கடைசி நேரத்திலாவது கூப்பிட்டார்களே என்று சங்க நிர்வாகிகள் ஐந்து பேர் கிளம்பி வந்தோம். நிர்வாகத் தரப்பில் வந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத எச்.ஆர். பையன். கையில் ஒரு கவர். மேலாண்மை இயக்குநர் வெளிநாட்டில் இருக்கிறார், மூன்று வாரம் அவகாசம் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவகாசம் கொடுக்கப்பட்டது. நாங்கள் எழுந்தபோது அலுவலர் எங்களிடம் சொன்னார்: "பேச்சுவார்த்தை தொடங்கியாச்சு. இனி ஸ்டிரைக் போனா அது சட்டவிரோதம், பார்த்துக்குங்க."

மொத்தம் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடத்தில் யாரும் எங்கள் கோரிக்கையைப் படிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டில் தொடங்க வேண்டிய வேலைநிறுத்தம் மட்டும் நின்றுபோனது. இந்த மடலை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு இரும்பு வார்ப்பாலையில் உலைப் பகுதியில் 24 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது சங்கத்தின் செயலாளர். ஆலையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது ஒரு கம்பெனியின் புகாராகச் சுருங்கி, அந்த மாவட்டத்துக்கு 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டு, அங்கே ஒரு அலமாரியில் தூங்கிவிடும். இது ஒரு ஆலையின் கதை மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

சட்டத்தை நான் படித்து வளர்ந்தவன் அல்ல. சஸ்பெண்ட் ஆனவர்களோடு உங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். அங்கே கற்றதில் என்னை அதிகம் குழப்பியது இந்தப் பதினான்கு நாள் கணக்கு.

1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம், 12(6) பிரிவில், சமரசம் தொடங்கிய பதினான்கு நாளுக்குள் அலுவலர் அறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. நாளை நீட்டிக்க வேண்டுமென்றால் தகராறில் உள்ள எல்லாத் தரப்பும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். படிக்கும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஆனால் அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, உடன்பாடு ஏற்படாவிட்டால் முறிவறிக்கை அரசின் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் சமரசம் முடிந்ததாகக் கருதப்படும் என்றது. அப்படியானால் அறிக்கையை எழுதாமலே வைத்திருந்தால்? அந்தேரி மரோல் குர்லா பஸ் சர்வீஸ் வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. பதினான்கு நாள் கடந்துவிட்டதாலேயே சமரசம் முடிந்துவிடாது, அறிக்கை போய்ச் சேரும்வரை அது நிலுவையில்தான் இருக்கிறது என்பது தீர்ப்பு.

அந்த வழக்கில் பதினான்கு நாளோடு எல்லாம் முடிந்தது என்று வாதாடியது தொழிலாளி அல்ல, முதலாளி. சமரசம் நிலுவையில் இருக்கும்போது ஒருவரை வேலையைவிட்டு நீக்கியதற்காக அவர் மீது வழக்கு. கெடு முடிந்த பிறகுதானே நீக்கினேன் என்றார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதாவது அந்தத் தீர்ப்பு ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுவதற்காக வந்தது. சமரசம் என்பது இரண்டு பக்கமும் பூட்டப்பட்ட கதவு. அரசு பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று அறிவித்த தொழிலில் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. முதலாளி வேலை நிலைமைகளை மாற்றக் கூடாது, தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டில் முன் அனுமதி இல்லாமல் ஆளை நீக்கக் கூடாது. அந்த இரண்டாவது பூட்டுக்கு 33-ஆம் பிரிவு என்று பெயர்.

என் கேள்வி எளியது. எங்கள் பக்கத்துப் பூட்டைத் தினமும் இழுத்துப் பார்க்கிறீர்கள். அந்தப் பக்கத்துப் பூட்டைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்?

2023-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஊதிய ஒப்பந்தக் காலம் மார்ச்சில் முடிந்தது. கோரிக்கை மனு கொடுத்தோம். நேரடியாகப் பேசிப் பார்த்தோம், நகரவில்லை. எங்கள் ஆலை அப்போது பொதுப் பயன்பாட்டுச் சேவை என்ற பட்டியலில், அதாவது முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாத தொழில்களின் பட்டியலில், இருந்தது. இரும்பு, எஃகு எல்லாம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உண்டு, ஆறு ஆறு மாதமாக அரசு அறிவித்துக்கொண்டே போகலாம். ஆகவே முறைப்படி அறிவிப்புக் கொடுத்தோம், சமரசம் தொடங்கியது. முறிவறிக்கை அரசுக்குப் போனது பதினேழு மாதம் கழித்து.

அந்தப் பதினேழு மாதத்தில் 26 வாய்தா. கோர்ட்டுக்குப் போய் வருகிறவன் பேசுகிற வார்த்தையை நாங்களும் பேச ஆரம்பித்திருந்தோம். ஆலையில் யாராவது "எங்கே போறீங்க?" என்று கேட்டால் "வாய்தாவுக்கு" என்போம். என் டைரியில் எல்லாத் தேதியும் இருக்கிறது. பதினைந்து தடவை நிர்வாகம் அவகாசம் கேட்டது. ஐந்து தடவை அலுவலருக்கு வேறு கூட்டம், நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். மூன்று தடவை "நீங்களே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிட்டு வாங்களேன்" என்று அனுப்பினார்கள். அது முடியாமல்தானே அங்கே வந்தோம். மிச்சம் மூன்று நாள்தான் உண்மையில் பேச்சு நடந்தது.

பெரும்பாலும் நைட் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு, தூங்காமல் வருவோம். உலையடியில் இருப்பவனுக்குக் குளித்தாலும் கண்ணோரக் கரி போகாது. அப்படி ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே எங்கள் பொருளாளர் தூங்கிவிட்டார். உள்ளேயிருந்து வந்த ஒருவர், "குடிச்சிட்டு வந்திருக்காரா?" என்று கேட்டார். அவர் குடிப்பதில்லை. முந்தைய இரவு அவர் ஷிப்டில் ஏழு ஹீட்.

இந்த ஏழு என்ற எண்ணுக்கு வருகிறேன். எங்களிடம் மூன்று டன் மின்தூண்டல் உலைகள். ஒரு தடவை இரும்பை உருக்கி வடித்தால் அது ஒரு ஹீட். ஒரு ஷிப்டுக்கு ஆறு ஹீட் என்பது பல வருடமாக இருந்த கணக்கு. கேட்பவருக்கு ஒன்றுதானே கூடியது என்று தோன்றும். உலையில் இரும்பு ஏறக்குறைய 1,500 டிகிரியில் இருக்கும். கசடு அள்ளுகிறவன் அதன் வாயருகே குனிந்து நிற்க வேண்டும். ஒரு ஹீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவன் வெளியே வந்து, உப்புப் போட்ட மோர் குடித்து, சட்டையைப் பிழிந்து உலர்த்தும் நேரம். ஏழாவது ஹீட் வந்து உட்கார்ந்தது அந்த நேரத்தில்தான். அதைக் கொண்டுவந்தது சமரசம் நிலுவையில் இருந்த ஐந்தாம் மாதத்தில், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஒரு தாளால். வேலை நிலைமையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற 9ஏ பிரிவும் இல்லை, மாற்றவே கூடாது என்ற 33-உம் இல்லை.

எழுத்தில் புகார் கொடுத்தோம். 33ஏ-வின்படி அப்படி ஒரு புகார் வந்தால் சமரச அலுவலர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பேச வேண்டும். எங்கள் பிரதியில் 'பெறப்பட்டது' என்று ஒரு முத்திரை விழுந்தது. அந்த முத்திரை இன்னமும் என்னிடம் இருக்கிறது. பதில் இல்லை. ஏழாவது ஹீட்டை எதிர்த்துக் கேட்ட ஒன்பது பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். அவர்களில் இரண்டு பேரை உள்விசாரணை முடித்து நீக்கினார்கள். முன் அனுமதி கேட்டார்களா என்று நாங்கள் கேட்டதற்கு, "அதை லேபர் கோர்ட்ல பார்த்துக்குங்க" என்றார்கள். நீக்கப்பட்டவர்களில் ஒருவர் இப்போது ஒரு மொபைல் செயலிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார். மோல்டிங்கில் அவரைப்போல் கை ஓடுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த 18(1). துறைக்குள் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியே படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சமரச அலுவலர் முன்னால் போடும் ஒப்பந்தத்தை நாங்கள் 'பன்னிரண்டு மூணு' என்போம். அது 18(3)-இன்படி ஆலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளரையும், நாளை சேரப்போகிறவரையும்கூடக் கட்டும். சமரசத்துக்கு வெளியே நிர்வாகமும் ஒரு சங்கமும் போட்டுக்கொள்ளும் 18(1), கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். பதினோராவது மாதம் ஆலையில் திடீரென்று புதிதாக ஒரு சங்கம் முளைத்தது. மூன்றாவது வாரம் அதனோடு ஒரு 18(1). ஏழாவது ஹீட் அதில் சம்மதிக்கப்பட்டிருந்தது. பிறகு ஒவ்வொருவரையும் ஷிப்ட் முடிந்து தனித்தனியாக மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் ஊதிய உயர்வும் நிலுவையும் அடுத்த மாதச் சம்பளத்தில். இடாவிட்டால் பழைய சம்பளம். பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியவன் எத்தனை மாதம் தாங்குவான்? நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் தம்பி மகனும் போட்டான்.

அடுத்த வாய்தாவில் அலுவலர் எங்களிடம் சொன்னது: "பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்களே, இனி என்ன தகராறு?" தன் மேஜையில் ஒரு பேச்சுவார்த்தை நிலுவையில் இருக்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் இதெல்லாம் நடந்ததே என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்களுக்காக வேண்டாம், தன் நாற்காலியின் மரியாதைக்காகவாவது.

கடைசியில் வந்த முறிவறிக்கை நான்கு வரி. இருதரப்பும் தத்தம் நிலைப்பாட்டில் உறுதியாக இருந்ததால் உடன்பாடு ஏற்படவில்லை என்றிருந்தது. இருதரப்பும்! பதினைந்து தடவை அவகாசம் கேட்டவரும், பெஞ்சில் தூங்கியவரும் ஒரே வரியில் சமமாகிவிட்டார்கள். 12(4) கேட்பது, எடுத்த முயற்சிகள், தகராறின் விவரங்கள், உடன்பாடு வராததற்கான காரணங்கள் எல்லாம் கொண்ட முழு அறிக்கையை. இப்போது அந்த வழக்கு தீர்ப்பாயத்தில் இருக்கிறது.

சமரசம் என்பதே வீண் என்று நான் நினைக்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எப்படி நடக்க வேண்டும் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

2007-இல் இதே ஆலையில், இதேபோல் ஒரு அறிவிப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைநிறுத்தம். இரவு ஒன்பது மணிக்கு அப்போதைய சமரச அலுவலர் ஆலை வாசலில் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் பெயரை எழுதினால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் ஓய்வு பெற்று அமைதியாக இருப்பவரை இதில் இழுக்க வேண்டாம். முதலில் பேச்சு வேண்டாம், உலையைக் காட்டுங்கள் என்றார். மேடையில் ஏறி, இரும்பு வடிக்கும்வரை எங்களோடு நின்றார். பத்து நிமிடத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "இங்கே எட்டு மணி நேரமா?" என்று ஒரே ஒரு கேள்வி. பக்கத்திலேயே ஃபேக்டரி மேனேஜர் நின்றிருந்தார்.

அந்த இரவு அவர் இன்னொன்றும் கவனித்தார். உலையைக் காலி செய்துவிட்டுத்தான் வெளியேறுவது என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. உருகிய இரும்பு உலைக்குள் உறைந்தால் உட்பூச்சு பிளந்துவிடும், பிறகு நாங்கள் ஜெயித்தாலும் வந்து நிற்க உலை இருக்காது. அதனால் கடைசி ஹீட்டை வடித்து, கசடு நீக்கி, அடுத்த சரக்கைப் போடாமல் வைத்திருந்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார்: "ஆலையை நாசம் பண்ணப் பார்க்கிறவங்க இதைச் செய்யமாட்டாங்க சார்." பேச்சுவார்த்தையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

பிறகு எங்களை கேன்டீனிலும் அவர்களை அலுவலக அறையிலும் உட்கார வைத்து, நடுவே அவர் ஒருவரே துண்டுச் சீட்டுகளோடு நடந்தார். வெப்பப் படியாக நாங்கள் கேட்டது மாதம் 400 ரூபாய், அவர்கள் சொன்னது 150. எங்கள் தலைவர் மேஜையைக் குத்தினார், அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார். கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் சென்னையில் இருக்கிறார் என்றபோது, "அப்ப அவரைக் கிளம்பி வரச் சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அவரும் காரில் கிளம்பி வந்தார். காலை ஐந்து மணிக்கு 275 ரூபாயில் 12(3) கையெழுத்தானது. ஆறு மணி ஷிப்டில் நாங்களே போய் உலையை மூட்டினோம்.

அவரிடம் என்ன தனி அதிகாரம் இருந்தது? அன்றைய சட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் இருந்த அதேதான். 11(4)-இன்படி ஆளை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம், சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதே அதிகாரத்தோடு. புதிய சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. 26 வாய்தாவில் ஒரு தடவைகூட அது வெளியே எடுக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை.

2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் நடந்ததை நாடே பார்த்தது. செப்டம்பர் 9 அன்று தொடங்கியது, 37 நாள். மூன்று அமைச்சர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அக்டோபர் 7 அன்று சங்கத்துக்கு வெளியே இருந்த ஒரு தொழிலாளர் குழுவோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று செய்தி வந்தது. தீரவில்லை. வேலைநிறுத்தத்தில் இருந்த சங்கத்தையே உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் அக்டோபர் 15 அன்று முடிவு வந்தது. சங்கப் பதிவோ உயர் நீதிமன்றம்வரை போய் 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. எங்களுக்கு அமைச்சர்கள் வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் வார்ப்பு லாரி அச்சுக்குள்ளும் டிராக்டர் வயிற்றுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்வது, யார் வீட்டு வரவேற்பறையிலும் எங்கள் பெயர் இல்லை, டி.வி. கேமரா வராது. எங்களைப் போன்றவர்களுக்கு அமைச்சரும் நீங்கள்தான், கோட்டையும் உங்கள் அலுவலகம்தான். யாருடன் பேச வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு வேறு யாருடனோ போடும் ஒப்பந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மட்டும் அதைச் சொன்னேன்.

இனி புதிய சட்டம். 1947 சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இப்போது எந்த ஆலையாக இருந்தாலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசம் நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள்வரையும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். பழைய சட்டத்தில் சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளிக்கு அபராதம் 50 ரூபாய்வரை. இப்போது ஆயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரம்வரை. சிறை அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அலுவலருக்குக் கெடு 45 நாள், வேலைநிறுத்த அறிவிப்பு வந்த தகராறு என்றால் பதினான்கு நாள். ஆனால் அந்தப் பதினான்கு நாள், அறிவிப்புக்குப் பிறகு நீங்கள் கூட்டும் முதல் கூட்டத்திலிருந்துதான் எண்ணப்படும்.

அதாவது கடிகாரத்தைத் தட்டிவிடும் பொத்தான் உங்கள் கையில். அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் கூப்பிட்டால் பேசுவதற்கு நேரம் இருக்கும். பதினான்காம் நாள் மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டால் அது வேலைநிறுத்தத்தை நிறுத்துவதற்கு மட்டும்தான் பயன்படும். எங்களுக்கு நடந்தது இரண்டாவது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஒரு அலுவலருக்கு எத்தனை ஆலை, எத்தனை கோப்பு என்று எனக்குத் தெரியும், அந்த மேஜையில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முடிவு ஒன்றுதான். முதல் கூட்டத்திலேயே அடுத்த கூட்டத்தை மூன்று வாரம் தள்ளிவைத்தபோதே சட்டம் சொன்ன பதினான்கு நாள் காலாவதியாகிவிட்டது. தள்ளிவைக்க எங்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போதைய தகராறு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பதினொரு நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. ஏழு ஹீட் எட்டாகிறது. ஃபெட்லிங் பகுதியை, அதாவது வார்ப்பின் பிசிறு தட்டி, கிரைண்டரில் தேய்க்கிற இடத்தை, முழுவதும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கப் போகிறார்கள். அங்கே இப்போதே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் 41 பேரில் பலர் ஆறு வருடமாக ஒரே கிரைண்டரில் நிற்கிறார்கள். மணல் தூசியும் சிலிக்காவும் சுவாசிக்கிற இடம் அது, நிரந்தரத் தொழிலாளி அந்தப் பக்கம் போகவே தயங்குவான். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரரின் பெயர் மாறுகிறது, கிரைண்டர் மாறவில்லை, நிற்கிற ஆளும் மாறவில்லை. இதற்கு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் போதும். பதிவேட்டைக் கேட்கும் அதிகாரம் உங்களுடையது, எங்களுடையது அல்ல.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. வேலைநிறுத்த அறிவிப்பு வந்தால் மூன்று வேலை நாளுக்குள் முதல் கூட்டத்தைக் கூட்ட வேண்டும் என்று எல்லாச் சமரச அலுவலர்களுக்கும் துறைத் தலைமையிலிருந்து எழுத்தில் உத்தரவு போக வேண்டும். பதின்மூன்றாம் நாள் வாட்ஸ்அப் இனி யாருக்கும் வரக் கூடாது.

நிர்வாகத் தரப்பில் வருகிறவர் உடன்பாட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். "மேலே கேட்டுச் சொல்றேன்" என்பவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உரியவருக்கு அழைப்பாணை அனுப்புங்கள். வராவிட்டால் வரவில்லை என்று பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் யார் என்ன சொன்னார்கள், யார் எதற்காக அவகாசம் கேட்டார்கள் என்பதைத் தமிழில் எழுதி, இருதரப்பும் கையெழுத்திட்டு, அன்றே எங்களுக்கும் ஒரு பிரதி தர வேண்டும். 26 வாய்தாவுக்கும் இருக்கும் ஒரே ஆதாரம் என் டைரி என்பது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

பழைய 33-இன் இடத்தில் இப்போது 90-ஆம் பிரிவு இருக்கிறது. "ஸ்டிரைக் போனா சட்டவிரோதம்" என்று எங்களிடம் சொல்லும் அதே மேஜையில், அதே நாளில், "வேலை நிலைமையை மாற்றினால் அதுவும் சட்டவிரோதம்" என்று நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அதை மீறியதாகப் புகார் வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முத்திரை பதிலாகாது.

இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் பதினான்கு நாளைத் தாண்டி இழுக்காதீர்கள். உடன்பாடு வராது என்று தெரிந்தால் காரணத்தோடு முழு அறிக்கை எழுதிவிடுங்கள். இப்போது அரசின் பரிந்துரைக்குக் காத்திருக்காமல், அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நாங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் எழுதினால்தானே நாங்கள் போக முடியும்? யாரால் தடைபட்டது என்பதை அந்த அறிக்கையில் பெயர் சொல்லி எழுதுங்கள். எங்களால் என்றாலும் சரி.

எங்கள் தகராறில் குறிப்பாக: மூன்று வாரம் தள்ளிவைத்த கூட்டத்தை இந்த வாரத்துக்கே முன்னதாகக் கொண்டுவர வேண்டும். எட்டாவது ஹீட்டையும் ஃபெட்லிங் ஒப்பந்தத்தையும் பேச்சு முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். 41 பேரின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரிடமிருந்தும் வரவழைத்து, எங்கள் முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன் ஒருமுறை அலுவலர் ஆலைக்கு வர வேண்டும் என்றும் கேட்கிறோம். இரவு ஷிப்டில் வந்தால் நல்லது. பத்தரை மணிக்கு முதல் ஹீட் வடிப்போம். மேடையில் நிற்க ஒரு ஹெல்மெட்டும் கண்ணாடியும் எடுத்து வைக்கிறோம், மோரும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வார்ப்பாலைத் தொழிற்சங்கத்தின் செயலாளர்,
உலைப் பகுதி, இரண்டாம் எண் மேடை